ஜோடி சேராத நாற்காலிகள்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி., வேதியியல்)

வீட்டை அலங்கரிப்பது பற்றி நம் கல்லூரி மலருக்கு எழுதப் போகிறேன் என்றதும், வகுப்புத் தோழன் ஒருவன், "முதலில் வீடு இருக்கிறதா?" என்று கேட்டான். இருக்கிறது, நண்பர்களே. 12 அடி நீளமும் 10 அடி அகலமும் கொண்ட கூடம் ஒன்று, அதை ஒட்டி ஓர் அறை, பின்னால் அடுப்படி, முன்னால் தகரம் வேய்ந்த தாழ்வாரம். கூடம் பகலில் கூடமாக இருக்கும். இரவில் எனக்கும் அப்பாவுக்கும் அதுவே படுக்கையறை. தேர்வு நெருங்கினால் நூல்நிலையம். இத்தனை வேலை செய்கிற ஓர் அறையை எப்படி அழகுபடுத்துவது என்பதே என் கேள்வி.

அலங்கார இதழ்களில் வரும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். சோபா, மேசை, அலமாரி எல்லாம் ஒரே நிறம், ஒரே சாயல். சீருடை அணிந்து அணிவகுப்பில் நிற்கும் மாணவர்களைப் போல. எங்கள் வீட்டிலோ ஒரே கடையில் வாங்கிய இரண்டு பொருள்களைக் காண்பது அரிது. கூடத்தில் நாற்காலிகள் நான்கு. ஒன்று, கடைந்த கால்களையுடைய தேக்கு நாற்காலி. அதன் பின்னங்கால் ஒன்று மட்டும் வேம்பு. இரண்டாவது, ஆவியில் வளைத்த மரத்தால் ஆனது, பிரம்பு இருக்கை. மூன்றாவது, கல்யாண மண்டபங்களில் போடும் இரும்பு மடக்கு நாற்காலி. நான்காவது, எல்லார் வீட்டிலும் உள்ள சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி. இவை போக ஒரு முக்காலி, ஒரு டிரங்குப் பெட்டி, அரசு கொடுத்த தொலைக்காட்சிக்காக அப்பா செய்த மர நிலை. 2006-ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப் பின் தமிழக அரசு இலவசமாக வழங்கிய அந்த வண்ணத் தொலைக்காட்சி எப்போதோ கண்ணை மூடிவிட்டது. நிலை மட்டும் கல்லுப்போல் இருக்கிறது; இப்போது என் கனிம வேதியியல் புத்தகங்களைச் சுமக்கிறது.

இந்தக் கலப்பு எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். என் தந்தையார் காரைக்குடி முனீசுவரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடை ஒன்றில் மரச்சாமான்களுக்குப் பாலிஷ் போடுகிறார். அந்தத் தெருவைப் பார்க்காதவர்கள் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். கதவுகள், தூண்கள், எனாமல் தூக்குகள், பீங்கான் சாடிகள், ரசம் போன நிலைக்கண்ணாடிகள், யாருடைய தாத்தாவோ முறைத்துப் பார்க்கும் சட்டமிட்ட படங்கள் எல்லாம் கூரை வரை அடுக்கிக் கிடக்கும். விற்க முடியாத அளவுக்கு உடைந்தவை சில உண்டு. அவற்றை முதலாளி அப்பாவின் கூலியில் கழித்துக்கொண்டு கொடுப்பார். சில சமயம் சும்மாவே கொடுப்பார். அப்படி வந்தவைதான் எங்கள் தேக்கு நாற்காலியும் வளைமர நாற்காலியும்.

இந்தப் பொருள்கள் பிறந்த வீடுகளே கலப்பானவை என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை, நகரத்தார் பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் வட்டித்தொழில் செய்து ஈட்டிய செல்வம் செட்டிநாட்டில் வீடுகளாக எழுந்தது. தேக்கு பர்மாவிலிருந்து, சலவைக்கல் இத்தாலியிலிருந்து, கண்ணாடி பெல்ஜியத்திலிருந்து. ஆனால் தரையில் பதித்தது ஆத்தங்குடிக் கல். சுவரில் பூசியது நம் ஊர்ச் சுண்ணாம்பு. சாமான் வைப்பது ஓலைக் கொட்டானில். முகப்பில் ஐரோப்பிய நாற்காலி; உள்ளே வளவில் பாய். யாரும் இதைப் பொருந்தாத வீடு என்று சொல்லவில்லை. 2014-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் அந்த ஊர்கள் இடம் பெற்றன. 1942-ல் இரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போன பின் பர்மா வரவு நின்றது, பங்காளிகள் பெருகினர், பல வீடுகள் பூட்டப்பட்டன, சில இடிக்கப்பட்டன. உள்ளே இருந்தவை அப்பா வேலை செய்யும் தெருவுக்கு வந்தன.

வளைமர நாற்காலிக்கும் ஒரு வரலாறு உண்டு. மரத்தை ஆவியில் வேகவைத்து வளைத்து நாற்காலி செய்யும் முறையைப் பெரிய தொழிலாக்கியவர் வியன்னாவில் இருந்த மைக்கேல் தோனெத். 1859-ல் அவர் வெளியிட்ட 14-ஆம் எண் நாற்காலி ஆறே துண்டுகளால் ஆனது. துண்டுகளைக் கழற்றி அடுக்கினால் ஒரு கன மீட்டர்ப் பெட்டியில் 36 நாற்காலிகள் அடங்குமாம். அதனால்தான் கப்பலேறி உலகெங்கும் போயிற்று. அந்த முறையில் செய்த ஒன்றில் அமர்ந்துதான் இதை எழுதுகிறேன். பக்கத்தில் உரித்த பூண்டு காய்கிறது.

என் அப்பத்தா இளவயதில் அப்படிப்பட்ட பெரிய வீடு ஒன்றில் வாசல் தெளித்து, வளவு கூட்டி, பித்தளை துலக்கியவர். நாற்காலிகளைத் துடைத்திருக்கிறார், உட்கார்ந்ததில்லை. அப்பா தேக்கு நாற்காலியைக் கொண்டுவந்து பாலிஷ் போட்டு வைத்த பிறகும், தாம் கண்ணை மூடும் வரை அதற்குப் பக்கத்தில் தரையில்தான் உட்கார்ந்தார். "ஒக்காருங்க அப்பத்தா" என்று எத்தனையோ முறை சொன்னோம். "இருக்கட்டும்டா, எனக்கு இதுதான் வாகு" என்பார். முழங்கால் வலியோடு தரையிலிருந்து எழுவது எப்படி வாகாகும்? நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுவார். அந்தக் கைப்பிடியில் பாலிஷ் சற்று மங்கிய இடம் இன்றும் இருக்கிறது. அப்பா அதற்கு மட்டும் மறுபூச்சுப் போடவில்லை.

சென்ற தை மாதம் அக்காவைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். உடனே அம்மாவின் கண்ணில் எங்கள் கூடம் மாறிப்போயிற்று. அதுவரை வீடாக இருந்தது காயலான் கடையாகத் தெரிந்தது. மாமா வந்து கூடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, "அக்கா, ஒரு சோபா செட்டு இல்லாம எப்படி? தவணையில எடுத்துப் போட்டுடுவோம்" என்றார். 32,000 ரூபாய், பன்னிரண்டு தவணை. அப்பா ஒன்றும் பேசவில்லை. தம் கைப்படப் பழுது பார்த்தவற்றைத் தாமே பரிந்து பேசுவது எந்தத் தகப்பனுக்கும் கூச்சம்தான்.

நானும் அப்பாவும் கடைக்குச் சென்று அந்த சோபாவைப் பார்த்தோம். பார்வைக்குப் பளபளவென்றிருந்தது. அப்பா குனிந்து அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். மேலே ரெக்சின்; உள்ளே மரத்தூளைப் பசையிட்டு அழுத்திய பலகை. இத்தகைய பலகைகளில் பெரும்பாலும் யூரியா–பார்மால்டிஹைடு பிசின்தான் பசை. பலகையின் வெட்டுமுனையில் ஈரம் பட்டால் தூள் உப்பிப் பிரியும். உப்பியது பழைய நிலைக்குத் திரும்பாது. தினமும் ஈரத்துணியால் தரை துடைக்கும் வீட்டில் அதன் கால்கள் எத்தனை மழைக்காலம் தாங்கும்? அளவையும் எடுத்தேன். மூவர் அமரும் இருக்கை ஆறடி நீளம், இரண்டரையடி அகலம். ஒற்றை இருக்கைகள் இரண்டு, ஒவ்வொன்றும் இரண்டரையடிச் சதுரம். ஆக 27½ சதுர அடி. 120 சதுர அடிக் கூடத்தில் அது போக, கால் நீட்ட இடம் போக, கதவு திறக்க இடம் போக, இரவில் நானும் அப்பாவும் எங்கே படுப்பது? சோபாவை மடக்கிச் சுவரில் சாய்த்து வைக்க முடியாதே!

வீட்டுக்கு வந்து கணக்கைச் சொன்னேன். அம்மாவுக்குக் கணக்கு வேண்டியிருக்கவில்லை. "வர்றவங்க என்ன நினைப்பாங்க?" என்பது ஒன்றே கேள்வி. அது நியாயமான கேள்வி என்றே இப்போதும் நினைக்கிறேன். பட்டணத்துப் பணக்காரர்களும் விடுதிக்காரர்களும் அப்பாவின் கடைக்கு வந்து, வேண்டுமென்றே ஜோடி சேராத நாற்காலிகளாகப் பார்த்து வாங்கிப் போகிறார்கள். அவர்கள் வீட்டில் அது ரசனை. எங்கள் வீட்டில் அதுவே இல்லாமை. பொருள் ஒன்றே, பார்க்கிறவர் கண் வேறு. இதை அம்மாவுக்கு எந்தப் பாடப்புத்தகத்தைக் கொண்டு விளக்குவது?

வழி கண்டவள் அக்கா. அவள் தையற்காரி. அப்பத்தாவின் பெட்டியைத் திறந்து, அவருடைய பழைய கண்டாங்கிச் சேலையை எடுத்து வந்தாள். காரைக்குடிக் கண்டாங்கி 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற கைத்தறிச் சேலை. எங்கள் அப்பத்தாவுடையது அரக்குச் சிவப்பில் மஞ்சள் கட்டம் போட்டது. துவைத்துத் துவைத்துப் பூப்போல் மெத்தென்று ஆகியிருந்தது. "இதை வெட்டி நாலு நாற்காலிக்கும் திண்டு தைக்கப் போறேன்" என்றாள். அம்மா கத்தரிக்கோலைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். இறந்தவர் சேலையை வெட்டுவதா என்று இரண்டு நாள் வீட்டில் பேச்சில்லை. மூன்றாம் நாள் அப்பாதான், "ஆத்தா உசிரோட இருக்கையில அதுல ஒக்காரல. இப்பயாச்சும் ஏறி ஒக்காரட்டும், வெட்டு" என்றார். அம்மாவே சேலையின் ஒரு முனையைப் பிடித்துக் கொடுத்தார்.

அதன் பிறகு நடந்தது கைவேலை. வெவ்வேறு வகைப் பொருள்கள் ஓர் அறையில் சண்டையில்லாமல் இருக்க வேண்டுமானால் முதலில் உயரம் ஒத்துவர வேண்டும் என்பது அப்பாவின் கட்சி. உட்காரும் தட்டு தரையிலிருந்து 18 அங்குலம். ஒருவர் மேலேயும் ஒருவர் கீழேயும் இருந்து பேசினால் பேச்சே கோணலாகும் என்பார். தேக்கு நாற்காலி 17½ இருந்தது. பிளாஸ்டிக் 16 தான். காலை அறுக்கவோ கட்டை கொடுக்கவோ தேவைப்படவில்லை. அக்கா ஒன்றுக்கு அரை அங்குலத் திண்டும் மற்றொன்றுக்கு இரண்டு அங்குலத் திண்டும் தைத்துச் சரிக்கட்டினாள். நான்கிலும் ஒரே கட்டம், ஒரே சிவப்பு. பிளாஸ்டிக் நாற்காலியின் மேல் ஒரு துண்டுக் கண்டாங்கியைக் கட்டியதும், அதுவும் ஏதோ ஒரு பரம்பரையில் வந்ததுபோல் முகத்தை வைத்துக்கொண்டது!

எஞ்சிய துணியை டிரங்குப் பெட்டியின் மேல் விரித்தோம். பண்டபாத்திரம் வைத்த பெட்டி, விரிப்புப் போட்டால் இருவர் அமரும் இருக்கை. தட்டு வைத்தால் மேசை. முக்காலியைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். மூன்று புள்ளிகள் ஒரு தளத்தைத் தீர்மானிக்கும் என்று மேல்நிலை வகுப்பில் படித்தோமல்லவா? அதனால் எங்கள் வீட்டு மேடுபள்ளத் தரையில் ஆடாமல் நிற்பது அது ஒன்றுதான். நான்கு கால் உள்ளவற்றுக்கெல்லாம் காகிதம் மடித்து அணை கொடுக்க வேண்டும்.

பாலிஷ் மட்டும் என் பங்கு. அரக்கு என்பது புதர்களிலும் மரங்களிலும் வாழும் சிறு பூச்சி சுரக்கும் பிசின். அதன் செதில்களை ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சைத் துணியில் பொதிந்து தொட்டு, வட்டம் வட்டமாகத் தேய்க்க வேண்டும். ஸ்பிரிட் பறந்துவிடும், அரக்கு மெல்லிய படலமாக நிற்கும். காய்ந்த பின் உப்புத்தாள் கொண்டு இழைத்து மறுபடி ஒரு பூச்சு. பத்துப் பூச்சுக்குப் பிறகு மரம் உள்ளிருந்து ஒளிவிடும். சூடான டம்ளர் வைத்த இடத்தில் வெள்ளை வளையம் விழுவது, படலத்துக்குள் ஈரம் புகுந்ததால். ஸ்பிரிட் தொட்ட துணியால் லேசாகத் துடைத்தால் பெரும்பாலும் மறையும். இதை நான் ஆய்வுக்கூடத்தில் படித்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற அப்பா முப்பது ஆண்டுகளாகச் செய்து வருகிறார். கரைப்பான், ஆவியாதல் என்று நான் விளக்கியபோது, "அப்படியா பேரு?" என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் தேக்கு நாற்காலியில் அமர்ந்து, கைப்பிடியை விரலால் தட்டிப் பார்த்து, "பர்மாவா?" என்றார். அப்பா அன்று பேசியதுபோல் நான் என்றும் பேசிக் கேட்டதில்லை. வேப்பங்கால் வைத்த கதை வரைக்கும் சொல்லிவிட்டார்! மாப்பிள்ளையின் பாட்டி நாற்காலி எதுவும் வேண்டாமென்று சொல்லித் தரையில் அமரப் போனார். அம்மா விரைந்து வந்து அவர் கையைப் பிடித்துத் திண்டு போட்ட வளைமர நாற்காலியில் உட்கார்த்தினார். அப்படி யாரையும் அம்மா வற்புறுத்தி நான் பார்த்ததில்லை. சம்பந்தம் கூடியதா என்று தோழர்கள் கேட்கலாம். அது அக்காவின் கதை. அவள் அனுமதி இல்லாமல் ஆண்டு மலரில் அச்சேற்றும் துணிவு எனக்கில்லை.

மாமா இன்னும் சோபாவை மறக்கவில்லை. அம்மா மறந்துவிட்டார் என்றே தோன்றுகிறது. மாலையில் கீரை ஆயும்போது தேக்கு நாற்காலியில் அமர்ந்து, காலை முக்காலியில் நீட்டிக்கொள்கிறார். போன வாரம் அப்பா ஐந்தாவது நாற்காலி ஒன்றைச் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். கால் நான்கும் திடமாக இருக்கின்றன. முதுகுப் பலகை மட்டும் இல்லை. பொருத்தமான பலகை கிடைக்கும் வரை தாழ்வாரத்தில் கிடக்கட்டும் என்றார். கண்டாங்கியில் இன்னும் ஒரு முழம் மிச்சம் இருக்கிறது.