வில்லும் அச்சும்

ஊர்திகளுள் உயர்வு தாழ்வு காண்போர் பெரும்பாலும் அவற்றின் மேற்புறத்தையே நோக்குகின்றனர். வண்ணப் பூச்சும், இருக்கையின் மென்மையும், முகப்பிற் பதித்த பெயர்த்தகடும் கண்ணைக் கவர்கின்றன. சக்கரத்துக்கும் உடலுக்கும் இடையே மறைந்து கிடந்து, குலுக்கலைத் தான் ஏற்று நம்மைக் காக்கும் வில்லினை நினைப்பார் மிகச் சிலர். அவ்வில்லைப் பற்றி ஈண்டுச் சில கூற விழைகின்றோம். தமிழ் பயிலும் மாணவர்க்கு இயந்திர ஆராய்ச்சி எற்றுக்கு என நண்பர்கள் வினவலாம். வண்டியின் அச்சைக் கொண்டே வலியறிதலை விளக்கினார் திருவள்ளுவர் என்பதே அவர்கட்கு யாம் கூறும் விடை.

நம் காவிரி நாட்டில் மாட்டு வண்டிகள் இரு வகையாய் வழங்கின. நெல்லும் வைக்கோலும் ஏற்றிய கட்டை வண்டியில் பாரம் நேரே அச்சின்மேல் அமரும்; சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் அவ்வதிர்ச்சி முழுதும் மேலே ஏறும். வில்வண்டியிலோ அச்சுக்கும் கூண்டுக்கும் இடையே உருக்குப் பட்டைகளால் ஆகிய வில் ஒன்று இருந்து அவ்வதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். மிராசுதாரர்க்கு வில்வண்டி, உழவர்க்குக் கட்டை வண்டி என்று, ஒருவரது செல்வநிலை அவ்வில்லினாலேயே அளக்கப்பட்டது. இவ்வேறுபாடு மோட்டார் வண்டிகளிலும் புகுந்தது என்பதே யாம் கூற வந்த செய்தி.

எம் பாட்டனார் திருக்கடையூரில், தரங்கம்பாடி செல்லும் சாலையோரத்தில், மோட்டார்ப் பட்டறை நடத்தியவர். அறுபதாம் ஆண்டு நிறைவும் எண்பதாம் ஆண்டு நிறைவும் கொண்டாட அபிராமியம்மன் கோயிலுக்கு வரும் முதிய தம்பதியர் அவ்வூரின் ஓயாத விருந்தினராவர். அவர்களை ஏற்றிவரும் கார்கள் எம் பாட்டனாரின் பட்டறையில் வந்து நிற்பதுண்டு. எம்முடையது கிறித்துவக் குடும்பம். எனினும் அம்முதியோர்க்கு முதலில் நாற்காலி இட்டு, நீர் கொடுத்து, அதன் பின்னரே காரைப் பார்ப்பது அவர் வழக்கம். “பின்னால் உட்காருகிற பெரியவர்களின் முதுகெலும்பை நினைத்துக்கொண்டு வில்லைப் பூட்டுங்கள், தம்பி” என்பது அவர் பட்டறைப் பிள்ளைகட்கு நாள்தோறும் சொல்லிய சொல்.

அவர் பெரிதும் விரும்பிப் பேசிய கார் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இங்கிலாந்தில் 1959ஆம் ஆண்டில் டிரையம்ப் ஹெரால்டு என்னும் பெயரால் வெளிவந்த அக்காரை, 1961ஆம் ஆண்டு முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனத்தார் செய்தனர். அதன் பின்சக்கரங்கள் இரண்டும் தனித்தனியே ஏறி இறங்கும். குறுக்கே கிடக்கும் ஒரே வில் இரண்டையும் தாங்கும். எளிய விலையுள்ள கார்களில் அந்நாளில் இஃது அரிய அமைப்பு. இதன் நலத்தையும் குறையையும் விளக்க, அவர் மூங்கிற் பட்டை ஒன்றின் இரு முனையிலும் கொட்டாங்கச்சி ஒவ்வொன்றைக் கட்டி எமக்குக் காட்டினார். பட்டையின் நடுவை அழுத்தியபோது கொட்டாங்கச்சிகளின் அடி வெளியே விரிந்தது; நடுவைத் தூக்கியபோது அடி உள்ளே மடங்கியது. அவ்வாறே, பாரம் ஏறிய ஹெரால்டின் பின்சக்கரங்கள் நெல்மூட்டை சுமப்பவன் காலை அகட்டி நிற்பதுபோல விரிந்து நிற்கும். விரைந்து வளைவிற் திரும்புங்கால் வண்டியின் பின்புறம் மேலெழுமாயின், வெளிப்புறச் சக்கரம் உள்மடங்கித் தரையின் பிடிப்பை இழக்கும். ஆதலின், “வளைவுக்கு முன்னே வேகத்தைக் குறைத்துவிடு, வளைவுக்குள்ளே திடீரென்று காலை எடுக்காதே” என்று ஓட்டுநர்களிடம் அவர் வற்புறுத்திக் கூறுவார்.

வாய்க்காற் கரைச் சாலைகளில் மெல்லச் செல்லும் குடும்பக் காருக்கு இக்குறை பெரிதன்று. ஆனால் ஹெரால்டின் அடிச்சட்டத்தையே குறுக்கி, 1962இல் ஸ்பிட்பயர் என்னும் விரைவு காரையும், 1966இல் ஆறு உருளை எஞ்சின் பூட்டிய ஜி.டி.6 என்னும் விலைமிக்க காரையும் டிரையம்ப் நிறுவனத்தார் செய்தனர். எலும்பு ஒன்றே, வேகமோ பன்மடங்கு. குறை வெளிப்பட்டது, அமெரிக்க நாட்டில் ஜி.டி.6 கடுமையாகப் பழிக்கப்பட்டது. 1968இல் அதன் பின்சக்கரங்களுக்குக் கீழே தாங்குகை ஒன்று சேர்த்து, சக்கரம் மடங்காதவாறு செய்தனர். ஆயின் அத்திருத்தம் விலை மிகுந்த காருக்கே கிடைத்தது. ஸ்பிட்பயர் வாங்கியோர் 1970 வரை காத்திருந்தனர். அவர்கட்கு வந்த திருத்தமோ மிக எளியது. வில்லின் பட்டைகள் அனைத்தையும் இறுகப் பிணித்திருந்த நிலையை மாற்றி, அடிப்பட்டை ஒன்றை மட்டும் பிணித்து, ஏனையவை நடுவிலே அசைந்தாடுமாறு விட்டனர். வியப்பு யாதெனில், 1973இல் செலவைக் குறைக்கக் கருதிய அந்நிறுவனத்தார் ஜி.டி.6 காருக்கும் அவ்வெளிய வில்லையே பூட்டினர். உயர்ந்ததற்குப் போதுமான அவ்வெளிய காப்பு, தாழ்ந்ததற்கு முதலிலேயே கிடைத்திருக்கலாகாதோ?

சென்னையார் கண்ட வழி வேறு. நம் நாட்டு ஓட்டுநர்க்கும் பழுது பார்ப்போர்க்கும் ஹெரால்டின் பின் அமைப்பு அத்துணை உவப்பாக இல்லை. எனவே 1970களின் தொடக்கத்தில் வந்து 1977 வரை செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு கெசெல் காரில், இரு பின்சக்கரங்களையும் பழைய முறைப்படி ஒரே அச்சிற் பிணைத்துவிட்டனர். ஒரு நுகத்திற் பூட்டிய இரு மாடுகளைப்போல், ஒரு சக்கரம் பள்ளத்தில் விழின் மற்றதும் சாய்கின்றது. பின்னிருக்கையில் அமர்ந்தோர் அதனை நன்கு உணர்வர். எனினும் சக்கரம் உள்மடங்கும் அச்சம் ஒழிந்தது. அறிவு பின்னோக்கிச் சென்றது என்று இதனை இகழ்வாரும் உளர். எம் பாட்டனார் ஹெரால்டை விரும்பியவரேயாயினும் அவ்வாறு இகழ்ந்திலர். “ஊர்ப் பட்டறையில் கழற்றிப் பூட்ட முடியாத நயம் ஊருக்கு நயம் ஆகாது” என்பார். இக்கருத்தை யாம் முழுதும் ஒப்புகின்றோம். நுண்மை என்பது செல்லும் சாலையையும் செப்பனிடும் கையையும் சேர்த்தே அளக்கப்படவேண்டியது.

இவையெல்லாம் பழங்கதை என்று தள்ளற்க. மெத்தென்ற இருக்கைக்கும் பளபளப்புக்கும் மிகுபொருள் கேட்பது வணிகர் உரிமை, வாங்குவோர் விருப்பம். உயிர்காக்கும் உறுப்பையும் அவ்வரிசையில் வைத்து விற்பது அறமாகாது. நம் நாட்டில் ஓட்டுநர்க்குரிய காற்றுப்பை எல்லாக் கார்களுக்கும் கட்டாயமானது 2019ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில்தான். அதுகாறும் பல கார்களில் உயர்ந்த விலை கொடுத்தார்க்கே அது கிட்டியது. வில்வண்டிக்கும் கட்டை வண்டிக்கும் இருந்த வேறுபாடு நம்மை விட்டு அகல எத்துணைக் காலம் ஆயிற்று, காண்மின்!

ஆதலின், கார் வாங்கப் புகும் அன்பர்கள் கண்ணாடியிலும் வண்ணத்திலும் கண் வைக்குமுன் ஒருகால் குனிந்து அடிப்புறத்தையும் நோக்குவார்களாக. நெடுங்காலம் இல்லறம் நடத்திய மூதாட்டியும் பெரியவரும் பின்னிருக்கையில் அமர்ந்து திருக்கடையூர் வருவர். அவர்கள் எவ்விலைக் காரில் வருகின்றனர் என்பதை வளைவு அறியாது.