உணராத கால்களும் உணரும் பட்டைகளும்

என் தமையனார் தென்னையினின்றும் வீழ்ந்து முதுகுத்தண்டு முறிவுற்றார். அன்று தொட்டு அவருக்கு இடுப்பின் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. பல திங்கள் கழித்து, இரும்புச் சட்டத்தைத் தோற்பட்டைகளால் கால்களிற் பூட்டி, ஊன்றுகோல்களின் துணையால் நிற்கப் பழகினார். அவர் நின்ற முதல் நாள் அன்னையார் ஆனந்தத்தால் அழுதார். ஒன்பதாம் நாள் மாலை பட்டைகளை அவிழ்த்தபோதோ, முழங்காலின் கீழ்த் தோல் கிழிந்து குருதி கசிந்திருந்தது. தமையனார் அதனை அறியார். அப்புண் ஆற மூன்று திங்கள் ஆயின. அதுகாறும் சட்டம் சுவரில் தொங்கிற்று.

செருப்புச் சிறிது கடிப்பினும் நாம் நடையை மாற்றிக்கொள்கிறோம். அந்நோவே நமக்குக் காவல். 1930-ஆம் ஆண்டில் யூஜீன் லாண்டிஸ் என்னும் அறிஞர், நுண்ணிய குருதிக்குழாய்களின் தொடக்கப் பகுதியில் அழுத்தம் சராசரி 32 மில்லிமீட்டர் பாதரச அளவே என்று கண்டார். அதனை விஞ்சிய அழுத்தம் ஓரிடத்தில் நெடுநேரம் நிலைப்பின், குருதியோட்டம் தடைப்பட்டுத் தசை நலியக்கூடும்.

இக்காலத்தில் மின்விசையாற் கால்களைப் பெயர்த்து வைக்கும் அணியந்திரங்கள் தோன்றியுள்ளன. சுவிட்சர்லாந்தின் லோக்கோமாட், இஸ்ரேலின் ரீவாக், ஜப்பானின் ஹால் என்பன அவற்றுட் சில. இவற்றில் ஓர் இடர் உண்டு. மனித முழங்கால் கதவின் கீலைப் போல ஒரே அச்சிற் சுழல்வதன்று; மடங்குந்தோறும் அதன் அச்சு சிறிது இடம் பெயரும். யந்திரத்தின் மூட்டோ பெரும்பாலும் ஒற்றைக் கீல். இவ்விரண்டும் ஒவ்வாதவிடத்துப் பட்டை தோலை அழுத்தி இழுக்கும். தன் மூட்டு எத்துணை மடங்கிற்றென்பதை யந்திரம் அறியும். பட்டைக்கும் தோலுக்கும் இடையே நிகழ்வதை அறியாது. ஆதலின் ஆராய்ச்சியாளர் பட்டையினுள் மெல்லிய உணரிகளை அமைக்கின்றனர். சில, அழுத்தத்தால் மின்தடை மாறுவன. சில, காற்றடைத்த சிறு பைகளின் அழுத்தத்தை அளப்பன. நேரே அழுத்தும் விசையை அளத்தல் எளிது. தோலை உராய்ந்து இழுக்கும் விசையை அளத்தல் அரிது.

ஆயின் அறிதல் மட்டும் போதுமோ? கொல்லிமலையிற் பிறந்து, வேலூரில் தொழுநோயாளரின் கைகளைச் சீராக்கிய டாக்டர் பால் பிராண்டு, 1966-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள கார்வில் மருத்துவமனைக்குச் சென்றார். உணர்ச்சியற்ற கைகளுக்கு அழுத்தமறியும் கையுறைகளை ஆங்குச் செய்வித்தார். ஆபத்து நேர்கையில் ஒலி எழுந்தது, நோயாளர் பொருட்படுத்தினாரல்லர். மின்னதிர்ச்சி தரச் செய்தார். வேண்டிய வேலை வந்தபோது அவர்கள் விசையை நிறுத்திவிட்டு வேலையை முடித்தனர். இறுதியில் அம்முயற்சி கைவிடப்பட்டது.

இதனைத் தமையனாரிடம் கூறினேன். அவர் நகைத்து, “தம்பி, வாசற்படிக்கு இரண்டு முழம் இருக்கையில் மணி அடித்தால் யார்தான் நிற்பார்?” என்றார்.

இன்றும் அவர் சட்டம் பூண்ட நாளெல்லாம், இரவில் அன்னையார் விளக்கேந்தி அவர் கால்களைத் தடவிப் பார்க்கின்றார். சிவந்த இடம் கண்டால், மறுநாட் காலையில் சட்டத்தை ஒளித்துவிடுவார். தமையனார் சினங்கொள்வார், அன்னையார் இணங்கார். பௌதிகம் பயிலும் நண்பர்காள், உணரியின் செய்தி நோயாளியின் செவிக்கு மட்டுமன்றி, யந்திரத்தின் விசைக்கும் எட்டி, அதனைத் தளர்த்தவும் நிறுத்தவும் வேண்டும். தொட்டறிவதும் தடுத்து நிறுத்துவதுமாகிய இரண்டையும் ஒரு கையே செய்தலை யான் நாள்தோறும் என் இல்லத்திற் காண்கின்றேன்.