பாறையேறிப் பிழைத்தோம்

பல ஆண்டுகளுக்கு முன் விடுமுறையில் தாயகம் சென்றபோது, கொள்ளேகாலத்திற்கு அப்பாலுள்ள இராமாபுரத்தில் தங்கினோம். முன்பு மைசூர் மாவட்டத்தில் இருந்த அவ்வூர் இன்று சாமராஜநகரைச் சேர்ந்தது. தமிழும் கன்னடமும் அங்கே ஒரே திண்ணையில் கேட்கும்.

அங்கிருந்து ஒகேனக்கல் சென்றோம். ஆடி மாதம், வானில் மேகமில்லை. பரிசலை விட்டிறங்கி, செங்குத்தான பாறைகளுக்கிடையே மணல்திட்டில் கட்டுச்சோற்றை அவிழ்த்தோம். பரிசற்காரப் பெரியவர் மட்டும் நீரையே பார்த்திருந்தார். தெளிந்த நீர் கலங்கியது. நுரையும் சருகும் மிதந்து வந்தன.

"சோத்தை விடுங்க சாமி, மேலே ஏறுங்க!"

சுடும் பாறையைப் பற்றி ஏறினோம். தம்பி மகனுக்குக் கால் வழுக்கிற்று. பெரியவர் நீட்டிய துடுப்பே அவனைக் காத்தது. திரும்பிப் பார்த்தால் திட்டு இல்லை, தூக்குச்சட்டி இல்லை, அவருடைய பரிசலும் இல்லை.

குடகிலும் வயநாட்டிலும் கொட்டும் மழை கண்ணம்பாடி, கபினி அணைகளை நிரப்பினால், வெயில் காயும் ஒகேனக்கலிலும் வெள்ளம் புரளும். 1924 ஜூலைப் பெருவெள்ளத்தின்போது மேட்டூர் அணையும் இல்லை. அது 1934-இல்தான் முடிந்தது. இப்போது பிலிகுண்டுலுவில் நீரை அளக்கிறார்கள். பெருகினால் பரிசல் ஓட்டத் தடை விதிக்கிறார்கள்.

பரிசலின் முழு விலையையும் நீட்டினோம். பெரியவர் பாதியைத் திருப்பித் தந்துவிட்டார். மூங்கிலுக்குப் பணம் வேண்டாமாம். மேலே போர்த்தும் தாளுக்கும் தாருக்கும் மட்டும் போதுமாம்.