சாச்சியின் வலது கை

மருதமுனையில் எங்கள் வளவில் மூன்று பெண்களுக்குக் கைவலி. மூவரும் ஒரே போத்தல் எண்ணெயைத்தான் பூசிவந்தார்கள். காரணம் மட்டும் மூவருக்கும் ஒன்றல்ல.

உம்மம்மா நெடுங்காலம் கைத்தறியில் இருந்தவர். நாடாவை இழுத்து இழுத்தே தோள் போய்விட்டது என்பார். உம்மாவுக்குத் தையல் மெசின். பெருவிரல் பக்கமாக மணிக்கட்டு வீங்கும். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்து, இரண்டு மூன்று நாள் கத்தரிக்கோல் பிடிக்காமல் இருந்தால் வீக்கம் இறங்கிவிடும். பெருநாள் நெருங்கும்போது அந்த இரண்டு நாள் எங்கே கிடைக்கிறது என்பது வேறு கதை.

சாச்சியின் கை அப்படியல்ல. "வலியில்ல புள்ள, பாரமாக் கிடக்கு" என்றார். காப்பு இறுகியது. அபாயாவின் வலது கைக்குள் கை நுழையவில்லை. விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. யானைக்கால் நோய் கைக்கும் வருமா என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். அந்த நோய் இலங்கையில் இனி ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினை இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்துவிட்டது. ஆனாலும் கேட்டவர்களின் கேள்வி முழுக்கப் பிழையில்லை. இரண்டிலும் கெடுவது நிணநீர்ப் பாதைதான்.

இரண்டு வருடங்களுக்கு முன் மஹரகமவில் சாச்சிக்கு மார்பகப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை நடந்தது. ஊருக்குச் சொல்லப்பட்டது "ஒரு கட்டி எடுத்த" என்பது மட்டும். இலங்கைப் பெண்களிடம் மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் இது. எங்கள் வீட்டில் அதன் பெயரை யாரும் உரத்துச் சொன்னதில்லை. அதனால் கைக்கு எண்ணெய் தேய்க்க வந்த பெண்ணுக்கும் விஷயம் தெரியாது. சுடுநீர் ஒத்தடம் கொடுத்து, அழுத்தித் தேய்த்துவிட்டுப் போனார். மறுநாள் கை இன்னும் பெருத்திருந்தது.

கிளினிக்கில் விளக்கினார்கள். சத்திரசிகிச்சையின்போது அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களையும் எடுப்பதுண்டு. கதிர்ச் சிகிச்சையாலும் அவை பாதிக்கப்படலாம். வடிகான் அடைபட்ட முற்றம்போல, கையிலிருந்து வடிய வேண்டிய நீர் அங்கேயே தங்கிவிடுகிறது. சில மாதங்களில் வரலாம், பல வருடங்கள் கழித்தும் வரலாம். முற்றாக மாறாது, ஆனால் அடக்கி வைக்கலாம். உயிரியல் பாடத்தில் நிணநீர்த் தொகுதியை வரைந்து பெயரிட்டு வைத்திருந்தேன். அது சாச்சியின் சட்டைக் கைக்குள் இருப்பதாக அன்றுதான் பட்டது.

பிசியோதெரபிஸ்ட் அளவெடுத்துக் கொடுத்த இறுக்க உறையைச் சாச்சி பகலில் போடுகிறார். படுக்கும்போது கையைத் தலையணைமேல் உயர்த்தி வைப்பார். முஷ்டியை மடக்கி விரிப்பது, முழங்கையை மடக்கி நீட்டுவது, ஆழமாக மூச்செடுப்பது எல்லாம் தினமும் உண்டு. வுழூ செய்தால் விரலிடுக்கு வரை ஈரம் துடைத்து, வாசனையில்லாத கிறீம் பூச வேண்டும், தோல் வெடிக்கக் கூடாது. அந்தக் கையில் காப்பில்லை, கடைப் பையும் தூக்குவதில்லை. வெள்ளிக்கிழமைகளில் இரண்டு கைகளையும் அளந்து எழுதுவது என் வேலை. முதல் அளவில் வித்தியாசம் மூன்று சென்ரிமீற்றர். இப்போது ஒன்றரை.

மீன் வெட்டும்போது கையுறை போடச் சொன்னதைச் சாச்சி சிரித்துத் தள்ளினார். கடற்கரை ஊரில் கையுறையோடு மீன் வெட்டுவதா? ஒருநாள் முள் குத்தியது. லுஹருக்குள் கை சிவந்து சூடானது, அஸருக்குள் குளிர்காய்ச்சல். வீங்கிய கையில் கிருமி வேகமாகப் பரவும் என்று உடனே வார்ட்டில் வைத்து நாளத்தால் மருந்து ஏற்றினார்கள். இப்போது கையுறை அம்மியடியில் தொங்குகிறது.

வேறு சில கைவலிகளுக்கு வீட்டில் வைத்தியமே கூடாது. திடீரென ஒரு கை வீங்கி நீலம் பாரித்தால் இரத்தம் உறைந்திருக்கலாம். நெஞ்சு இறுகி, வியர்த்து, வலி கைக்கு இறங்கினால் அது இதயமாக இருக்கலாம். எண்ணெய்ப் போத்தலைத் தேடாமல் 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

போன மாதம் எங்கள் ஒழுங்கையில் ஒருவர் வந்து, கதவைச் சாத்திவிட்டு, மார்பில் சிறு கட்டி தட்டுப்படுவதாகவும் வீட்டில் இன்னும் சொல்லவில்லை என்றும் சாச்சியிடம் சொன்னார். சாச்சி உறையைக் கழற்றித் தன் கையைக் காட்டினார். எனக்கு நடந்தது மார்பகப் புற்றுநோய் என்று முழுப் பெயரையும் சொன்னார். அடுத்த கிளினிக் நாளில் அபாயாவைப் போட்டுக்கொண்டு அவரோடு தானும் கிளம்பிப் போனார்.