ஆறாயிரம் ரூபாய் ரம்பமும் ஒரு ஜோடி பூட்ஸும்

பி.காம். படிச்சு, பேங்க் பரீட்சை எழுதி, இருபது வருஷமா லோன் பேப்பரை மேய்ஞ்சுகிட்டு இருக்கிற ஒருத்தன் மரம் அறுக்கிற மிஷினைப் பத்தி எழுதலாமா? எழுதலாம். காசு விஷயம்னு வந்துட்டா நாங்க எதைப் பத்தியும் பேசுவோம் :-) ஆனா இதுல நான் போட்ட கணக்கு தப்பாப் போச்சு. எங்கே தப்பிச்சுன்னு சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதல்ல இடம். சிம்லா மாவட்டத்துல ஒரு ஆப்பிள் ஊர். கடல் மட்டத்துக்கு மேல 2,000 மீட்டருக்குக் கூடுதல். புரமோஷன் வேணும்னா எங்கே போட்டாலும் போகணும்னு சொன்னாங்க. 2022 ஜூன்ல இங்கே வந்து சேர்ந்தேன். கும்பகோணத்துல மார்கழிக்கே மப்ளர் தேடுற ஆள் நான். இங்கே ஜனவரியில குழாயில தண்ணி உறைஞ்சு போகும்.

குளிருக்கு இங்கே ஒவ்வொரு வீட்டிலும் ஒரு 'தந்தூர்' உண்டு. ரொட்டி சுடுற தந்தூர்னு நினைச்சுடாதீங்க. தகரப் பெட்டி மாதிரி ஒரு அடுப்பு. புகைக்கு ஒரு குழாய் கூரை வழியா வெளியே போகும். உள்ளே விறகைப் போட்டு மூடிட்டா வீடே அதைச் சுத்தித்தான் உட்காரும். மேலே ஒரு பாத்திரத்துல எப்பவும் வெந்நீர். தங்கமணி அதுலயே பருப்பு வேகவெச்சு, ரசம் வெச்சு, கேஸ் சிலிண்டர் ரெண்டு மாசம் கூட வருதுன்னு பெருமைப்பட்டுக்குவாங்க.

விறகு எனக்குப் புதுசில்லை. சின்ன வயசுல எங்க தெருமுனையில ஒரு விறகுத் தொட்டி இருந்தது. சவுக்கும் வேலமரமும் மலை மாதிரி அடுக்கியிருக்கும். பெரிய தராசு. ஒரு அண்ணன் காலையிலேர்ந்து சாயந்திரம் வரைக்கும் கோடாலியால பிளந்துகிட்டே இருப்பார். எங்க வீட்டுக்கு கேஸ் வந்ததும் அந்தப் பக்கம் போறதே நின்னுடுச்சு. அந்த அண்ணனை அப்புறம் சொல்றேன்.

எங்க வீட்டுக்காரருக்கு வயசு 68. எல்லாரும் 'தாவுஜி'ன்னுதான் கூப்பிடுவாங்க. நம்ம ஊர் பெரியப்பா. அவங்க அப்பா வெச்ச ராயல் டெலிசியஸ் மரங்கள் வீட்டுக்குக் கீழே சரிவுல இருந்தது. இந்த மலையில ஆப்பிளுக்குப் பெரிய கதை உண்டு. அமெரிக்காவிலிருந்து வந்த சாமுவேல் ஸ்டோக்ஸ் 1916-ல கோட்கட் பக்கம் டெலிசியஸ் கன்னு வெச்சதுலேர்ந்துதான் ஆரம்பம். அந்தப் பழைய வகை மரங்கள் பெரிசா வளரும், காய்க்க ஏழெட்டு வருஷம் எடுத்துக்கும், வயசானா விளைச்சல் குறையும். இப்போ எல்லாரும் குட்டை வேர்க்கன்னுல ஒட்டின செடியை நெருக்கி நட்டு, ரெண்டு மூணு வருஷத்துலயே பழம் பார்க்குறாங்க. தாவுஜியும் மாறினார். அதுக்கு லோன் போட்டது எங்க பிராஞ்ச். கையெழுத்துப் போட்டது அடியேன்.

2024 ஜனவரியில நாற்பது பழைய மரத்தைப் பிடுங்கினாங்க. நான் கையெழுத்துப் போட்ட லோன்ல அவங்க அப்பா வெச்ச மரமெல்லாம் முற்றத்துல வந்து படுத்துக் கிடந்தது. தாவுஜி ஒண்ணும் சொல்லலை. "ஆப்பிள் கட்டை நின்னு எரியும். ரெண்டு குளிர்காலத்துக்குக் கவலையில்லை"ன்னு மட்டும் சொன்னார். பச்சை மரத்தோட எடையில கிட்டத்தட்ட பாதி தண்ணி. மார்ச்ல அறுத்து, பிளந்து, வெயில் காலம் முழுக்கக் காயவெச்சாத்தான் டிசம்பர்ல ஒழுங்கா எரியும். இல்லேன்னா புகைதான்.

சரி, மேட்டருக்கு வருவோம். "மேனேஜர் சாப், நீங்க கணக்குல புலி. எந்த மிஷின் வாங்கலாம் சொல்லுங்க. பத்தாயிரத்துக்குள்ள"ன்னார். எனக்கு விட்டா போதுமே! ராத்திரியே எக்செல்லைத் திறந்துட்டேன்.

1. ஆளை வெச்சு அறுக்கிறது. ஊர்ல ஒருத்தர் சொந்த மிஷினோட வருவார், நாளுக்கு 2,000. நாலு நாள் வேலை. 8,000.

2. கரண்ட்ல ஓடுற ரம்பம். 16 இஞ்ச், 1,800 - 2,000 வாட். சுமார் எட்டு ஒன்பது ஆம்பியர் இழுக்கும். பெட்ரோல் கலக்க வேண்டாம், கயிறு இழுக்க வேண்டாம், புகையில்லை. ஆனா எங்க கட்டையில பாதி வீட்டிலிருந்து நூறு மீட்டர் கீழே கிடந்தது. அவ்வளவு தூரம் ஒயர் இழுத்தா வோல்டேஜ் விழும். குளிர்காலத்துல ஊரே ஹீட்டர் போடுறதால ஏற்கெனவே பல்பு அழுதுகிட்டு இருக்கும்.

3. பெயர் பெற்ற கம்பெனியோட சின்ன பெட்ரோல் ரம்பம். ஷ்டில் எம்.எஸ். 180 மாதிரி. 31.8 சி.சி., நாலு கிலோ பக்கம், 16 இஞ்ச் பிளேடு. விலை இருபதாயிரத்தைத் தாண்டுது.

4. ஆன்லைன்ல கிடைக்கிற ஊர் பேர் தெரியாத மிஷின். 58 சி.சி., 22 இஞ்ச். 6,200 ரூபாய்!

பாருங்க, யாருக்குத்தான் ஆசை வராது? மூணாவதைவிடக் கிட்டத்தட்ட இரட்டிப்பு இஞ்சின், ஆறு இஞ்ச் நீளம் கூட, விலை மூணுல ஒரு பங்கு. ஒரே சீசன்ல கூலியில மிச்சம் பிடிச்சிடலாம். நாலாவது வரிக்கு பச்சைக் கலர் அடிச்சு தாவுஜிகிட்டே காட்டினேன். அவருக்கு ரொம்ப சந்தோஷம். எனக்கும் டீயோட ஒரு பிளேட் அக்ரூட் கிடைச்சுது.

மிஷின் வந்துச்சு. அறுக்கப் போறது தாவுஜி இல்லை, நானும் இல்லை. தோட்டத்துல வேலை செய்யுற நேபாளித் தம்பி. இருபத்தஞ்சு வயசு இருக்கும். வருஷா வருஷம் பிப்ரவரி கடைசியில வந்து வேலைக்குச் சேருவார்.

மார்ச் மாசம், ஒரு ஞாயித்துக்கிழமை. நான் மாடியில காபியோட நின்னு வேடிக்கை பார்த்துகிட்டு இருந்தேன். தம்பி காலில் ரப்பர் செருப்பு. நல்லாத்தான் அறுத்துகிட்டு இருந்தார். ஒரு கட்டையில ரம்பத்தை வெச்சார். கட்டை பத்து இஞ்ச் கனம்தான், பிளேடு 22 இஞ்ச். மிச்சப் பிளேடு அந்தப் பக்கம் நீட்டிகிட்டு இருந்தது. அந்தப் பக்கம் இன்னொரு கட்டை இருந்ததை அவர் பார்க்கலை. பிளேடு நுனி அதுல பட்டுச்சு. அவ்வளவுதான். மிஷின் குதிரை மாதிரி துள்ளி மேலே எகிறி, அவர் கையை இழுத்துகிட்டு இடது பக்கமா இறங்குச்சு.

நான் காபியைக் கீழே போட்டுட்டு ஓடினேன். பேண்ட் முழங்காலுக்குக் கீழே கிழிஞ்சிருந்தது. உள்ளே ரெண்டு இஞ்ச் நீளத்துக்கு ஒரு கீறல், மேலாக்கத்தான். ரத்தம் பொட்டுப் பொட்டா. "குச் நஹி ஹுவா, சாப்"னு அவர்தான் எனக்குச் சமாதானம் சொன்னார். தங்கமணி டெட்டாலும் பஞ்சும் கொண்டு வந்தாங்க. பக்கத்து ஆஸ்பத்திரியில டி.டி. ஊசி போட்டுகிட்டு, மத்தியானமே திரும்ப வேலைக்கு நின்னார். நான்தான் மிஷினை எடுத்து உள்ளே வெச்சுப் பூட்டினேன்.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை. அந்த விறகுத் தொட்டி அண்ணன் ஞாபகம். அவருக்கு இடது கால்ல கட்டை விரல் கிடையாது. "எங்கே அண்ணே போச்சு?"ன்னு கேட்டதுக்கு, "கோடாலி சாப்பிட்டுடுச்சு தம்பி"ன்னு சிரிச்சார். நானும் சிரிச்சேன். அப்போ எனக்கு ஏழு வயசு. இப்போ நாற்பத்தஞ்சை நெருங்குறேன், எக்செல் தெரியும், ஆனா என் ஷீட்டுல அந்தக் காலுக்கு ஒரு வரி கூட இல்லையே! பத்து லட்சம் லோன் கொடுத்தா இன்ஷூரன்ஸ் காப்பி இல்லாம ஃபைலை மூடாத ஆள் நான்.

அடுத்த வாரம் உட்கார்ந்து படிச்சேன், நம்ம மிஷினைச் சோதிச்சேன். தெரிஞ்சது இதுதான்.

பிளேடு நுனியோட மேல் பாதி மரத்துல பட்டா ரம்பம் ஆளைப் பார்த்துத் திரும்பும். சங்கிலி நொடிக்கு 20 மீட்டர் வேகத்துல ஓடுது, நாம சுதாரிக்க நேரமே கிடையாது. இதுக்காகத்தான் முன் கைப்பிடிக்கு முன்னாடி ஒரு தடுப்பு வெச்சிருக்கான். ரம்பம் துள்ளும்போது அது முன்னாடி தள்ளப்பட்டு பிரேக் பிடிச்சு சங்கிலியை நிறுத்தணும். வேலை செய்யுதான்னு பார்க்குறது சுலபம். மிஷினை ரெண்டு கையாலயும் பிடிச்சுகிட்டு, ஆக்சிலேட்டர் கொடுத்து, இடது மணிக்கட்டால தடுப்பை முன்னாடி தள்ளணும். சங்கிலி சட்டுனு நிக்கணும். எங்க மிஷின்ல 'டக்'னு சத்தம் மட்டும் கேட்டுச்சு. சங்கிலி பாட்டுக்கு ஓடி, ஆற அமர நின்னுச்சு. இதை முதல் நாளே பார்த்திருக்கணும்.

அப்புறம் நீளம். பெரிசு வாங்கினா லாபம்னு நினைச்சது புடவைக்கடை புத்தி. எங்க கட்டையில பெரும்பாலும் ஒரு அடிக்குள்ளதான். அதைவிடக் கொஞ்சம் நீளமா 14, 16 இஞ்ச் போதும். கூடுதல் நீளம் கண்ணுக்குத் தெரியாத பக்கம் போய் வம்பை இழுக்கும், கூடவே எடையும். ஏழு கிலோவை மணிக்கணக்காப் பிடிச்சா கை தளரும்.

தாவுஜிகிட்டே போய் "என் கணக்கு தப்பு"ன்னேன். மூணாவது வரி மிஷின் வாங்கணும், கூடவே கால் கவசம், ஹெல்மெட், பூட்ஸ்னு சொன்னேன். கவசம்னா தொடையிலேர்ந்து கீழே வரைக்கும் கட்டிக்கிறது. உள்ளே இருக்கிற நார் சங்கிலியில சுத்தி பெட்ரோல் ரம்பத்தை நிறுத்திடும். (கரண்ட் ரம்பத்துக்கு இதை முழுசா நம்ப முடியாது. அதோட இழுவை வேற மாதிரி.) ஹெல்மெட்ல முகத்துக்கு வலை, காதுக்கு மூடி. சத்தம் நூறு டெசிபலுக்கு மேல. எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரம் சில்லறை.

"மிஷினைவிட உடுப்பு ஜாஸ்தியா? கூலி ஆளுக்கு இதெல்லாம் யார் கொடுக்குறாங்க?"ன்னார். நல்ல மனுஷர்தான். ஊர்ல யாருமே கொடுக்குறதில்லை, அதான் அப்படிக் கேட்டார். எனக்குக் கோபம் வரலை. ஒரு மாசம் முன்னாடி பச்சைக் கலர் அடிச்சவன் நான்தானே. "அந்த விறகுல பாதி என் தந்தூர்ல எரியுது தாவுஜி. உடுப்புச் செலவு என்னோடது"ன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "பாதி"ன்னார். சரின்னேன்.

இதே மாதிரி வாங்க நினைக்கிறவங்களுக்கு, அனுபவஸ்தன் சொல்றது:

* மெல்லிசு கிளைதான்னா மிஷினே வேண்டாம். சில நூறு ரூபாய்க்கு வில் ரம்பம் கிடைக்கும். நாலு இஞ்ச் வரைக்கும் அது தாராளம்.

* வருஷத்துக்கு ரெண்டு நாள் வேலைன்னா தெரிஞ்ச ஆளைக் கூப்பிட்டுக் கூலி கொடுக்குறதுதான் மலிவு. அவர் காலையும் கொஞ்சம் பாருங்க.

* கட்டை வீட்டை ஒட்டியே இருந்து கரண்ட் ஒழுங்கா இருந்தா கரண்ட் ரம்பம் போதும். 15 ஆம்பியர் பிளக், 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர். மழையில தொடக்கூடாது.

* பெட்ரோல்னா ரிப்பேருக்கு ஆளும் சங்கிலியும் பக்கத்து ஊர்ல கிடைக்குதான்னு பாருங்க. டூ ஸ்ட்ரோக் ஆயில் எவ்வளவுன்னு மிஷின் புத்தகத்தைப் பார்த்துக் கலக்கணும். 50-க்கு 1-ன்னா லிட்டருக்கு 20 மில்லி, 25-க்கு 1-ன்னா 40 மில்லி. சங்கிலிக்குத் தனி ஆயில்.

* மழுங்கின சங்கிலியை அமுக்கி அறுக்காதீங்க. மரத்தூள் மாவு மாதிரி விழுந்தா அரம் பிடிக்கணும்னு அர்த்தம்.

* பட்ஜெட் பத்தாயிரம்னா முதல்ல உடுப்பை எடுத்து வெச்சுட்டு மீதிக்கு என்ன வருதுன்னு பாருங்க. வரலைன்னா வாங்காதீங்க.

ஏப்ரல் மாசத்துக்குள்ள கட்டை எல்லாம் அறுத்து அடுக்கியாச்சு. பழைய மிஷின் மாடிப்படிக்குக் கீழே சாக்குல தூங்குது. விக்கலாம்தான், ஆனா அதை இன்னொருத்தர் கையில கொடுக்க மனசு வரலை. 6,200 ரூபாயை 'வாராக்கடன்' கணக்குல எழுதிட்டேன்.

2024 அக்டோபர்ல தஷைன் பண்டிகைக்கு அந்தத் தம்பி ஊருக்குக் கிளம்பினார். பஸ் ஸ்டாண்டுல பார்த்தா கால்ல அந்த பூட்ஸ்! பளபளன்னு பாலிஷ் வேற. "அது மிஷினோட சேர்ந்ததுப்பா"ன்னு தாவுஜி ஆரம்பிச்சார். அப்புறம் அவரே, "போகட்டும், கால் அவனோடதுதானே"ன்னு சொல்லிட்டு, பஸ்ல சாப்பிட ஒரு பை நிறைய ஆப்பிள் கொடுத்தார்.

மறுபடி பிப்ரவரியில அதே பூட்ஸோட வந்து இறங்கினார். கொஞ்சம் தேய்ஞ்சிருந்தது.