தறப்பாள்

வன்னியில் குளிர் எண்டு சொன்னால் மலையகத்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள். எங்கள் பீடத்தில் நுவரெலியாவிலிருந்து வந்து படிக்கிற தோழி ஒருத்தி, மார்கழியில் நாங்கள் காதைச் சுற்றித் துவாயைக் கட்டிக்கொண்டு விரிவுரைக்கு வாறதைப் பார்த்து இண்டைக்கும் பகிடி பண்ணுவாள். 2022 மார்கழியில் ஒரு கிழமை நான் வீட்டில் நிற்காமல் விட்டிருந்தால் நானும் அவளோடு சேர்ந்து சிரித்திருப்பேன்.

அந்த வருஷத்தை ஆரும் மறந்திருக்க மாட்டீர்கள். பெற்றோலுக்கு வரிசை, காஸுக்கு வரிசை. 87 ரூபாய் வித்த மண்ணெண்ணெய் ஓகஸ்டில் ஒரே நாளில் 340க்கு ஏறியது. பஸ் ஓடாத நாட்களில் வகுப்புகள் ஒன்லைனுக்கு மாற, நான் திருநெல்வேலி போர்டிங்கை விட்டுக் கிளிநொச்சிப் பக்கம் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டேன். சும்மா இருக்க மனமில்லாமல் பின்வளவைக் கொத்தி மிளகாய் வைத்தேன். முதல் தரம் குரங்கு அழித்தது. இரண்டாம் தரம் இலை சுருண்டது. மூன்றாம் தரம் கார்த்திகையில் நாற்றுமேடை போட்டு, தடிகளை வளைத்து நட்டு, மேலே ஒரு நீலத் தறப்பாளை இழுத்துக் கட்டினேன். மாரி மழை நேரே விழுந்தால் மிளகாய் நாற்று அடித்தண்டு அழுகிச் சாய்ந்துவிடும். இந்த முறை ஒன்றும் சாயவில்லை. நான் திரும்பக் கம்பஸ் போன பிறகும் தம்பிக்கு ஒவ்வொரு நாளும் கோல் எடுத்து, 'நாத்து என்ன மாதிரி' எண்டுதான் முதலில் கேட்பேன். "எங்களையும் ஒருக்கா விசாரியன்" எண்டு அம்மா பின்னால் நின்று கத்துவா.

விளக்கீட்டுக்கு வீட்டுக்கு வந்தேன். புதன்கிழமை, 7ஆம் திகதி, போயா லீவு. பின்னேரம் அம்மம்மா தடிகளில் பழந்துணி சுற்றி எண்ணெயில் தோய்த்துத் தர, நானும் தம்பியும் படலையடி, கிணற்றடி, மாட்டுக் கொட்டில், எருக்கும்பி எண்டு பந்தம் குத்தினோம். ஒரு பந்தத்தை என்ர நாற்றுமேடைக்குப் பக்கத்திலும் குத்தினேன். காற்று அப்பவே ஒரு மாதிரித்தான் இருந்தது. கொளுத்தக் கொளுத்த அணைந்தது.

வியாழன் விடிய வெளியே பார்த்தால் ஊரே புகைக்குள் நின்றது. பனிப்புகார் எண்டு நினைத்தோம். பத்து மணியாகியும் விலகவில்லை, தொண்டை கரகரத்தது. கடலில் 'மாண்டஸ்' எண்டு ஒரு புயல், அதோடு இந்தியப் பக்கமிருந்து தூசும் வருகுது எண்டு செய்தியில் சொன்னார்கள். அடுத்த நாள் நாடு முழுக்கப் பள்ளிக்கூடம் இல்லை எண்டதும் தம்பிக்கு மட்டும் சந்தோஷம். மழை பெரிதாக அடிக்கவில்லை. ஆனால் விடாமல் தூறியது. அதோடு வாடைக்காற்று. அம்மம்மா மல்லியும் வேர்க்கொம்பும் அவித்துத் தந்தா. அடுப்படியை விட்டு ஒருவரும் எழும்பவில்லை. அம்மா மட்டும் எங்கட சிவப்பிக்குச் சாக்கை முதுகில் போட்டுக் கட்டி, கொட்டிலுக்குள் பொச்சுமட்டையைக் கொளுத்தி விட்டா. சிவப்பியின்ர பால் காசில்தான் என்ர போர்டிங் வாடகை போகிறது.

அண்டு பின்னேரம் அம்மா கடைக்குப் போயிருந்த நேரம் பக்கத்து வளவு மாமா படலையில் நின்று கூப்பிட்டார். சொந்த மாமா இல்லை, ஊர் முறைக்கு மாமா. முப்பது மாடு அளவில் வைத்திருக்கிறார். காலபோகம் விதைத்தால் வயற்பக்கம் மாடு விட ஏலாது. மேய்ச்சல் தரை எண்டு ஒதுக்கின இடமும் எங்கட பக்கத்தில் இல்லை. அதால் மாரி முழுக்கப் பட்டியைக் காட்டுக்கரையில்தான் அடைப்பார். கூரையில்லை, மறைப்பில்லை. மூன்று கன்றுகளை மட்டும் வீட்டு வளவில் ஒரு பத்திக்குள் கட்டியிருந்தார்.

"பிள்ளை, அந்த நீலத் தறப்பாள் கிடக்கே? கண்டுகளுக்கு வாடைப்பக்கம் மறைச்சுக் கட்ட ஒண்டுமில்லை."

அவர் தலையில் உரப்பையைக் கவிழ்த்திருந்தார். தாடையில் தண்ணி வடிந்தது. நாற்றுமேடை வீட்டுக்குப் பின்னால். படலையில் நிற்கிறவருக்குத் தெரியாது.

"அது கிழிஞ்சு போச்சு, மாமா" எண்டேன்.

"சரி பிள்ளை, பரவாயில்லை" எண்டு போனார். பிறகு அம்மா வந்து "ஆர் வந்தது?" எண்டு கேட்க, "மாமா, சும்மா" எண்டேன்.

வெள்ளி முழுக்க அதே காற்று. கறண்ட் போய்ப் போய் வந்தது. எனக்கு ஒரு ரியூட் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. தலைப்பு, கிராமிய வாழ்வாதாரம். லாம்பு வெளிச்சத்தில் 'கால்நடை வளர்ப்பு' எண்டு உபதலைப்புப் போட்டுவிட்டு, மேலே எழுத ஒன்றும் வராமல் போர்வைக்குள் போனேன்.

சனி விடிய ஊருக்குள் சத்தம். காட்டுக்கரையில் மாடுகள் விழுந்து கிடக்குதாம். தம்பி ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து பேசாமல் இருந்தான். எங்கட ஊரில் மட்டுமில்லை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, கிழக்கில் திருகோணமலை, மட்டக்களப்பு எண்டு எல்லா இடமும் திறந்த வெளியில் நின்ற மாடும் ஆடும் நூற்றுக்கணக்கில் செத்திருந்தன. முதலில் ஏதோ நோய் எண்டு சனம் பயந்தது. குளிர்தான் எண்டு பிறகு மிருக வைத்தியர்கள் சொன்னார்கள். எங்கட மாடுகள் வெயிலுக்குப் பழகினவை. மாரியில் மேய்ச்சல் குறைந்து மெலிந்து போய் நிற்கும். நனைந்த உடம்பில் இரண்டு நாள் வாடை பட்டால் தாங்காது.

மாமாவின்ர பட்டியில் ஏழு. வளவுக்குள் இரண்டு கன்று. நானும் அம்மாவும் போகும்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தி, மேலே ஒரு பழைய சாரத்தைப் போட்டிருந்தார். விதானை வந்து எண்ணிப் பதிய வேணுமாம், அதுவரைக்கும் தாக்கக் கூடாதாம். மூன்றாவது கன்று மூலையில் நடுங்கிக்கொண்டு நின்றது. மாமி வாயில் சீலைத் தலைப்பை வைத்துக்கொண்டு குந்தியிருந்தா.

அம்மா பத்தியைச் சுற்றிப் பார்த்தா. வாடைப்பக்கம் இரண்டு கிடுகு மட்டும் சாத்தியிருந்தது. "ஒரு தறப்பாள் கேட்டிருந்தா நான் தந்திருக்க மாட்டனே" எண்டா.

மாமா என்னைப் பார்க்கவில்லை. "அந்தரத்தில யோசினை வரேல்லை, தங்கச்சி" எண்டார்.

ஏழு மாட்டையும் ஒரு தறப்பாள் காப்பாற்றியிராது. இரண்டு கன்றையும் காப்பாற்றியிருக்குமோ எண்டு ஆராலும் சொல்ல ஏலாது. இந்தக் கணக்கை நான் அண்டு பகல் முழுக்கப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு தரமும் அவர் தாடையில் வடிந்த தண்ணியில் வந்து நின்றது. இரவு அம்மம்மாவுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு நடந்ததைச் சொன்னேன். ஏசுவா எண்டு நினைத்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் கிடந்துவிட்டு, "ஒரு கண்டு இன்னும் நிக்குதெல்லே? விடியக் கழட்டிக்கொண்டு போய்க் குடு" எண்டா.

ஞாயிறு விடிய தறப்பாளைக் கழற்றினேன். அடியில் நாற்று பச்சைப்பசேல் எண்டு நின்றது. அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு மாமா வளவுக்குப் போனேன். வழியெல்லாம் சொல்ல ஒரு வசனம் யோசித்துக்கொண்டு போனேன். போய் நின்றதும் "மாமா, இது கிழியேல்லை" எண்டது மட்டும்தான் வந்தது.

வாங்கி விரித்தார். நான் ஒரு பக்கம் பிடிக்க அவர் கயிறு போட்டார். கட்டி முடிந்த பிறகுதான் கதைத்தார்.

"நாத்து என்ன மாதிரி, பிள்ளை?"

அவருக்கு முதலே தெரியும். தம்பி சொன்னானோ, வேலிக்கு மேலால் கண்டாரோ, நான் கேட்கவில்லை.

திரும்பக் கம்பஸ் போய், அந்த ரியூட்டை முழுக்க மேய்ச்சல் தரையைப் பற்றியே எழுதினேன். விதைப்புக் காலத்தில் மாடுகள் எங்கே போகும் எண்டு கேட்டு எழுதினேன். புள்ளி நன்றாக வந்தது. என்ர தறப்பாளைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. அதனால்தான் இப்ப எழுதுகிறேன்.

அடுத்த மழைக்கு நாற்றில் பாதி சாய்ந்தது. மிச்சத்தைத் தையில் நட்டேன். அதில் இருபது கன்றைத் தம்பி மாமா வளவில் கொண்டுபோய் வைத்தான். அந்த மூன்றாவது கன்று இப்போது நாகாகி நிற்கிறது. தறப்பாள் இன்னும் அந்தப் பத்தியில்தான். வெயிலில் நீலம் வெளிறிப்போச்சு. போன முறை போய்ப் பார்க்கேக்குள்ள ஒரு மூலை உண்மையாகவே கிழிந்திருந்தது.