கோட்டுக்கு இந்தப் பக்கம்

ஏரோப்ளேனை தரையில் இறக்குவது ஓரளவு கைக்கு வந்துடுச்சுங்க. சொன்ன இடத்துல இறக்கணும்னு வரும்போதுதான் ரெண்டு மாசமா படாத பாடு படுறேன்.

விஷயம் இதுதான். அமெரிக்காவில் கமர்ஷியல் பைலட் தேர்வில் 'பவர் ஆஃப் 180' என்று ஒரு அயிட்டம் உண்டு. ஓடுபாதைக்குப் பக்கவாட்டில், இறங்கும் திசைக்கு எதிர்த்திசையில், சுமார் 1000 அடி உயரத்தில் போய்க்கொண்டிருப்போம். எந்தக் கோட்டில் இறங்கப் போகிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அந்தக் கோடு நம் தோளுக்கு நேராக வந்ததும் த்ராட்டிலை முழுசாகக் குறைத்துவிட வேண்டும். அதுக்கப்புறம் இன்ஜின் உதவி கிடையாது. அப்படியே சறுக்கிக்கொண்டு திரும்பி வந்து, சொன்ன கோட்டைத் தாண்டி 200 அடிக்குள் சக்கரம் தரையைத் தொடணும். கோட்டுக்கு ஒரு அடி முன்னாடி தொட்டாலும் ஃபெயில்.

200 அடின்னா நிறைய மாதிரி தெரியும். ஓடுபாதை நடுவில் வெள்ளைப் பட்டைகள் இருக்குமே, அதில் ஒரு பட்டை 120 அடி, அடுத்த பட்டை வரை இடைவெளி 80 அடி. ஒரு பட்டை, ஒரு இடைவெளி, அவ்வளவுதான் நமக்கு ஒதுக்கிய இடம். 60 நாட் வேகத்தில் வரும் செஸ்னா 172, காத்தில்லாத நாளில், விநாடிக்கு 100 அடி போகும். கண்ணை ரெண்டு தடவை மூடித் திறந்தா முடிஞ்சுது கதை!

நான் பழகுவது சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே, கடலை ஒட்டி இருக்கும் ஹாஃப் மூன் பேயில். கன்ட்ரோல் டவர் இல்லை, ஓடுபாதை 5000 அடி, தாராளம். கடல் பனி மட்டும் விலகணும். (பாதி சனிக்கிழமை விலகாது. வீட்டுல மேலிடத்துக்கு ஏக சந்தோஷம்.)

ஆரம்பத்தில் எனக்கு எப்பவும் தூரம் போயிடும். நம்மூர் பஸ் ஸ்டாப்பிங்கை விட்டு நூறடி தள்ளி நிற்குமே, அதே கதை. காரணம் வேகம். 65 நாட்டில் வர வேண்டியவன் 72ல் வருவேன். தரைக்குப் பக்கத்தில், இறக்கை நீளத்துக்கும் குறைவான உயரத்துக்கு வந்ததும், காத்தின் இழுவை குறைஞ்சிடும். கூடுதல் வேகம் கரையும் வரை விமானம் இறங்க மாட்டேன்னு மிதந்துக்கிட்டே போகும். கோடு வரும், போகும், அடுத்த பட்டையும் போகும், நான் வேடிக்கை பார்த்துக்கிட்டிருப்பேன்.

சரி, வேகத்தைப் பிடிச்சாச்சு. அடுத்த சிக்கல் உயரம். அதிகமா இருந்தா கவலையில்லை, ஃப்ளாப்ஸ் இறக்கலாம், விமானத்தை ஒருக்களிச்சு சறுக்க விடலாம். குறைவா இருந்தா? அதுக்குன்னு ஒரு லீவரும் கிடையாது. கையில் இருக்கும் உயரத்தை செலவழிக்கலாம், கடன் வாங்க முடியாது. புஸ்தகத்துல படிச்சதுதான். தெரியும்.

தெரிஞ்சும் போன மாசம் அதைத்தான் செஞ்சேன். அன்னிக்கு எதிர்க்காத்து பலமா இருந்தது. அந்த மாதிரி நாளில் சீக்கிரமே ஓடுபாதைப் பக்கம் திரும்பிடணும். நான் அகலமாப் போயிட்டேன். கடைசித் திருப்பத்தில் பார்த்தா, என் கோடு கண்ணாடியில் மெல்ல மேலே ஏறுது. குறி வெச்ச இடம் கண்ணாடியில் அசையாம நின்னா அங்கே போய்ச் சேருவோம். மேலே ஏறினா அதுக்கு முன்னாடியே விழுவோம். இது மூளைக்குத் தெரியுது. கைக்குத் தெரியலை. கை பாட்டுக்கு மூக்கைத் தூக்குது. கோடு கிட்ட வர்ற மாதிரி ஒரு பிரமை. 60... 57... 54...

செஸ்னாவின் ஸ்டால் ஹாரன் கரண்டில் கத்துவதில்லை. இடது இறக்கையின் முன் விளிம்பில் ஒரு ஓட்டை. காத்து உறிஞ்சப்பட்டு ஒரு நாக்கு அதிரும். திருவிழாவில் விக்கிற பீப்பீ மாதிரிதான் சத்தம். சின்ன வயசில் அந்த பீப்பீக்கு அடம் பிடிச்சு அழுதிருக்கேன். 400 அடிக்கும் கீழே, சாய்ஞ்சு திரும்பிக்கிட்டிருக்கும்போது அதைக் கேட்டா வயிறு கலங்கிடுதுங்க. அங்கே ஸ்டால் ஆகி ஒரு பக்கமா சுருண்டா, மீள்வதற்கு உயரம் இல்லை.

பக்கத்து சீட்டு வாத்தியார் ஒண்ணும் பேசலை. மூக்கை முன்னாடி தள்ளி, த்ராட்டிலை முழுசாத் திறந்தார். மேலே ஏறினோம். ரொம்ப நேரம் கழிச்சு, "எதுக்கு இழுத்தே?"

"கோடு தூரமா இருந்தது."

"அப்போ கோட்டை விட்டுடு. நிஜமா இன்ஜின் நின்னா, கோட்டுக்கு இந்தப் பக்கம் வயல்ல 60 நாட்டில் இறங்கு. நடந்து வீட்டுக்குப் போகலாம்."

அதுக்கப்புறம் புதுப் பயிற்சி. பாதித் திருப்பத்தில் வாய்விட்டுச் சொல்லணும்: எட்டும், எட்டாது. எட்டாதுன்னா யோசிக்காம த்ராட்டிலைத் திறந்து சுத்தி வரணும். தேர்வில் அப்படிச் செஞ்சா ஃபெயில்தான். செய்யணும். "எட்டாது"ன்னு சொல்ல எவ்வளவு கூச்சமா இருக்குங்கறீங்க! முதல் நாள் மென்னு முழுங்கினேன்.

போன சனிக்கிழமை ஆறு முறை. ரெண்டு தடவை "எட்டாது", சுத்தி வந்தேன். மூணு தடவை 200ஐத் தாண்டிப் போச்சு. கடைசி முறை கண்டிப்பா எட்டும்னு சொன்னேன். தரைக்கு முப்பதடி இருக்கும்போது காத்து சட்டுன்னு செத்துப் போச்சு, விமானம் உட்காருது, கோடு மேலே ஏறுது. கை துடிச்சுது. இழுக்கலை.

கோட்டுக்குப் பத்தடி முன்னாடி தொட்டேன். மெத்துன்னு.

"ஃபெயில்" என்று குறித்துக்கொண்டார் வாத்தியார். அடுத்த வாரமும் அதே நேரத்துக்கு விமானத்தைப் பதிவு பண்ணியிருக்கேன். பனி விலகணும்.